வயலாக இருந்த மனையில் புல்தரை: மண்ணைப் பண்படுத்துவதும் மட்டம் பார்ப்பதும்

கேள்வி: செங்கல்பட்டுக்கு அருகே, முன்பு நெல் வயலாக இருந்த மனையில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். வீட்டின் முன்பக்கம் 40 அடி நீளம், 25 அடி அகலத்தில் புல்தரை போட ஆசை. ஜேசிபி விட்டு நிரவியாகிவிட்டது. மேலே மூன்று அங்குலம் செம்மண் கொட்டி, கார்பெட் புல் விரித்து இரண்டே நாளில் முடித்துத் தருவதாகத் தோட்டக்காரர் சொல்கிறார். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். இது போதுமா? நிலத்தை எப்படிச் சமன் செய்ய வேண்டும்?

பதில்: போதாது. கிரகப்பிரவேசத்தன்று பச்சையாக இருக்கும் என்பது உண்மைதான். அந்த அளவில் தோட்டக்காரர் பொய் சொல்லவில்லை. விரித்த புல்லுக்குத் தினமும் தண்ணீர் காட்டினால், ஒரு மாதம் எந்த மண்ணின் மேலும் அது பச்சையாக நிற்கும். ஐப்பசி மழை இறங்கும்போதுதான் அடியில் என்ன கிடக்கிறது என்பது வெளியே வரும். அங்கங்கே தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் புல் மஞ்சளாகும், மற்ற இடங்களில் கோரை தலை நீட்டும். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எனவே முதல் யோசனை: விழாவை முடித்துவிட்டு நிலத்தைத் தொடுங்கள். பந்தல் கால் நட வேண்டும், சமையலுக்கு அடுப்பு வைக்க வேண்டும், நாற்காலிகள் போட வேண்டும், வண்டிகள் உள்ளே வரும். புதிதாகக் கிளறிய மண்ணுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. அன்றைக்கு மட்டும் அந்த இடத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டு, ஓரத்தில் தொட்டிச் செடிகளை வரிசையாக வையுங்கள். பார்க்க நன்றாகவே இருக்கும்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன். நெல் வயல் என்று நீங்கள் குறிப்பிட்டது முக்கியமான தகவல். நெல்லுக்காகப் பல தலைமுறைகள் சேற்றுழவு செய்த மண் அது. தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் நிற்பதற்காகவே சேறாக மிதித்தும், பலகை இழுத்து நிரவிப் பரம்படித்தும் வைத்திருப்பார்கள். அதனால் மேல்மண்ணுக்குக் கீழே, பெரும்பாலும் அரை அடியிலிருந்து முக்கால் அடி ஆழத்தில், இறுகிப்போன ஓர் அடுக்கு இருக்கும். நெல்லுக்கு அது வரம். புல்தரைக்கு அதுவே பகை. மழைநீர் அந்த அடுக்கின் மேல் தங்கி, வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். மேலே நீங்கள் கொட்டும் மூன்று அங்குலச் செம்மண் ஊறிய பஞ்சாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

ஜேசிபி இதன் மேல் இரண்டு காரியங்களைக் கூடுதலாகச் செய்திருக்கும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண்ணைப் பரப்பி, நல்ல மேல்மண்ணை அதன் கீழே புதைத்திருக்கும். கூடவே தன் எடையால் எல்லாவற்றையும் இறுக்கியிருக்கும். செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் சாந்து, சல்லி, டைல்ஸ் சில்லு, சிமெண்ட் பை எனக் கொத்தனார்கள் ரப்பீஸ் என்று சொல்லும் அத்தனையும் அதே மண்ணுக்குள் போயிருக்கும். கட்டுமானக்காரர்கள் கழிவை வெளியே கொண்டுபோகச் செலவழிப்பதில்லை. நிரவிவிட்டேன் என்றால் மூடிவிட்டேன் என்று பொருள்.

இதை ஊகமாக வைத்துக்கொள்ளாமல் சோதித்துப் பாருங்கள். நான்கைந்து இடங்களில் ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழிகள் தோண்டுங்கள். கடப்பாரை எந்த ஆழத்தில் டங்கென்று எதிர்க்கிறது, எங்கே செங்கல் வருகிறது, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால், அந்த இறுகிய அடுக்கை உடைக்காமல் மேலே எதைச் செய்தாலும் வீண். அப்படியே ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். அடுத்த நாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தால் கார அமில நிலையும் உப்பின் அளவும் தெரிந்துவிடும். சிமெண்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும் என்பதால் இது தேவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கூடவே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து சுத்தம் செய்வது. மேல் முக்கால் அடி மண்ணைக் கிளறி, முஷ்டி அளவுக்கு மேல் பெரிதான எதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். சிமெண்ட் கலவை போட்ட இடமும் சுண்ணாம்பு கரைத்த இடமும் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த மண்ணை அப்படியே வாரி வெளியேற்றிவிடுங்கள். இரண்டு ஆட்களுக்கு இது அலுப்பான வேலை. ஆனால் செங்கல் புதைந்த இடத்துக்கு மேலே வெயில் காலத்தில் அதே வடிவத்தில் புல் காய்வதைப் பார்க்கும்போது, இந்த அலுப்பே மேல் என்று தோன்றும்.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயல் மண்ணில் அது இல்லாமல் இருக்காது. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் நூல் போன்ற தண்டுகளால் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். நுனிக் கிழங்கு முளைத்தால் பின்னால் இருப்பவை உறங்கும். மண்வெட்டியோ பவர் டில்லர் என்னும் சிறு உழவு இயந்திரமோ அந்தச் சங்கிலியை அறுத்தால் உறங்கியவை எல்லாம் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஒரு செடி இருந்த இடத்தில் பத்து வரும். ஆகவே கோரை கண்ட நிலத்தில் பவர் டில்லரை விடாதீர்கள். மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கும்போதே நூலைப் பின்தொடர்ந்து கிழங்கோடு எடுங்கள். பிறகு புல் நடாமல் தண்ணீர் மட்டும் விட்டு வாருங்கள். ஓரிரு வாரத்தில் மிச்சமிருப்பது பச்சையாக மேலே வரும். முளைத்த மூன்று வாரத்துக்குள் மறுபடி தோண்டி எடுத்தால் புதுக் கிழங்கு கட்டுவதற்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று சுற்று இப்படிச் செய்தால் முக்கால்வாசி ஒழியும். இதே சுற்றுகளில் பார்த்தீனியம், நெருஞ்சி, கீரை வகைகளின் விதைகளும் முளைத்துத் தீரும்.

களைக்கொல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. அந்த உத்தரவின்படி, கடையில் கேட்டு வாங்கி நீங்களே அடிக்கும் பொருள் அல்ல அது. தவிர, அறுந்து தனியாகக் கிடக்கும் கிழங்குக்கு அந்த மருந்து போய்ச் சேராது; இலை இருக்கும் கிழங்கைத்தான் தொடும். வெயில் காலத்தில் நிலத்தை நனைத்து, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பை ஓரம் மண்ணிட்டு மூடி, ஐந்தாறு வாரம் வைத்தால் களை விதைகள் வெந்துபோகும். கோரைக் கிழங்கை முழுதாக அழிக்க அந்தச் சூடு போதாது. கறுப்பு விரிப்பு போட்டால் அதைக் கிழித்துக்கொண்டே முளைக்கும் வல்லமை அதற்கு உண்டு. கையால் எடுப்பதைத் தாண்டிய குறுக்கு வழி எதையும் நான் நம்புவதில்லை.

சுத்தமான பிறகு அந்த இறுகிய அடுக்கு. கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு ஒரு குத்து வீதம் ஆழமாக இறக்கி, நெம்பி, விரிசல் விட வைத்தால் போதும். மண்ணைப் புரட்டித் தலைகீழாக்க வேண்டாம். ஈரப்பதம் சரியாக இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். மண்ணை உள்ளங்கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் வேலையை நிறுத்துங்கள். களிமண்ணை ஈரத்தில் மிதிப்பதும் சேற்றுழவும் ஒன்றுதான். உடைக்க வந்த அடுக்கை நீங்களே புதிதாக உருவாக்கிவிடுவீர்கள்.

இனி மட்டம். இங்கேதான் பெரும்பாலானோர் தவறான இலக்கை வைத்துக்கொள்கிறார்கள். வயலுக்கு வேண்டியது தண்ணீர் ஒரே அளவில் நிற்கும் தட்டையான பரப்பு. புல்தரைக்கு வேண்டியது பள்ளம் மேடு இல்லாத, ஆனால் வீட்டிலிருந்து விலகிச் சரியும் பரப்பு. நூறு அடிக்கு ஓரடியிலிருந்து இரண்டு அடி வரை சரிவு இருந்தால் கண்ணுக்குச் சமமாகவே தெரியும். தண்ணீருக்கு மட்டும் வழி தெரியும். வீட்டுச் சுவரிலிருந்து மதில் வரை உங்களுக்கு 25 அடி. ஐந்து அடிக்கு முக்கால் அங்குலம் வீதம் இறக்கினால் மதிலருகே மூன்றே முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கும். அது போதும்.

தண்ணீர் சரிந்து எங்கே போகும் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மனையில் ஒரு குழி கட்டாயம் இருக்கும். அதன் பக்கமாகச் சரிவைத் திருப்புங்கள். மதிலோரமாக ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, கருங்கல் ஜல்லி நிரப்பி, அதன் வழியாகக் குழிக்கு அனுப்பினால் சேறு உள்ளே போய் அடைக்காது. வாய்க்காலுக்கும் 40 அடி நீளத்தில் நான்கைந்து அங்குல இறக்கம் தேவை. பக்கத்து மனைக்கோ தெருவுக்கோ தண்ணீரைத் தள்ளிவிடும் யோசனை வேண்டாம். முதல் மழைக்கே சண்டை வரும்.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். ஒளி ஊடுருவும் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இதில் ஏமாற வாய்ப்பே இல்லை, குமிழியைத் தவிர. வீட்டுச் சுவரில் ஓர் உயரத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக முளைக்குச்சி அடித்து, எல்லாக் குச்சிகளிலும் அதே உயரத்தை டியூபால் மாற்றிக் குறியுங்கள். பிறகு சுவரிலிருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு வரிசையிலும் அந்தக் குறியிலிருந்து முக்கால், ஒன்றரை, இரண்டே கால் என்று இறக்கி இரண்டாவது குறி போடுங்கள். இரண்டாவது குறிகளில் நூல் கட்டினால் புல்தரையின் சரிவு காற்றில் வரைந்ததுபோல் தெரியும். அந்த நூலிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே ஆழம் இருக்கும்படி மண்ணை வெட்டியும் நிரப்பியும் கொண்டுவர வேண்டும்.

இதை இரண்டு முறை செய்ய வேண்டும் என்பதுதான் ஒருவரும் சொல்லாத விஷயம். புது மண் கொட்டுவதற்கு முன்பே, அடியில் இருக்கும் களிமண் பரப்புக்கு இதே சரிவு வந்திருக்க வேண்டும். அடிப்பரப்பில் ஒரு பள்ளம் இருந்து, அதைச் செம்மண்ணால் நிரப்பி மேலே அழகாக மட்டம் செய்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத தொட்டி ஒன்றை உருவாக்கியிருப்பீர்கள். மழையில் அந்த இடம் மட்டும் வாரக்கணக்கில் சொதசொதவென்று இருக்கும், காரணமும் பிடிபடாது.

வீட்டுச் சுவரை ஒட்டிய ஒன்றரை அடியைப் புல்லுக்குக் கொடுக்காதீர்கள். அங்கே கூழாங்கல்லோ ஜல்லியோ பரப்பிவிடுங்கள். கட்டும்போது கரையான் மருந்து ஊற்றியிருந்தால், சுவரோர மண்ணைத் தோண்டுவதும் மேலே புதுமண் குவிப்பதும் அந்தக் காப்பைக் கெடுத்துவிடும். முடிந்த தரைமட்டம் வீட்டின் அடித்தள மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும். நடைபாதையை ஒட்டிய இடத்தில், விரிக்கப்போகும் புல் துண்டின் கனத்தை அளந்து, அந்தக் கனத்தோடு அரை அங்குலம் சேர்த்து மண்ணைத் தாழ்த்துங்கள். புல் வளர்ந்து தடித்த பிறகு பாதையில் மண் வழியாது.

எவ்வளவு மண் வேண்டும்? உங்கள் இடம் 1,000 சதுர அடி. நான்கு அங்குலம் மேல்மண் என்றால் சுமார் 333 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி. ஆக மூன்றேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். கொட்டிய மண் அமரும் என்பதால் நான்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலாகச் சொல்லிவையுங்கள். மண்ணின் சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆழத்தில் வெட்டி எடுத்த செம்மண்ணில் சத்து ஒன்றும் இருக்காது, காய்ந்தால் மேலே ஓடு கட்டும். மேல்மண் கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் அதே செம்மண்ணில் மணலும் நன்கு மக்கிய தொழு உரமும் கலந்துகொள்ளுங்கள். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே கைவிட்டுக் கிளறிக் கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒன்றரை மாதம் பாடுபட்டு ஒழித்ததை ஒரே லாரி திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

தொழு உரம் ஓர் அங்குல கனம் போதும், அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். அதில் களை விதை இருக்கும், வெள்ளைப் புழு வரும், கட்டிகள் உள்ளே மக்கி அமரும்போது மேலே குழி விழும். சந்தேகம் இருந்தால் சலித்துப் போடுங்கள். வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம் கலந்தால் புழுவுக்கும் கரையானுக்கும் ஓரளவு தடை.

மண்ணை ஒரேயடியாகக் கொட்டிப் பரப்பாதீர்கள். முதலில் ஓர் அங்குலம் பரப்பி, அதைக் கீழே உள்ள பழைய மண்ணின் மேற்பரப்போடு கொத்திக் கலக்க வேண்டும். இருவேறு மண் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து கிடந்தால் தண்ணீர் அந்த எல்லையில் தயங்கி நிற்கும். வேரும் அங்கேயே திரும்பிவிடும். கலந்த பிறகு மிச்ச மண்ணை இரண்டு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் கால்களால் நெருக்கமாக மிதித்து வாருங்கள். குதிகால் அமிழும் இடத்தில் மண் போடுங்கள்.

பிறகு தண்ணீர் விட்டு அமரவிட வேண்டும். பூவாளி முனை வைத்த குழாயால், மண் அரிக்காமல், முழு ஆழமும் நனையும் அளவுக்கு விடுங்கள். மூன்று நான்கு நாள் காயட்டும். பள்ளங்கள் தாமாகத் தெரியும். நிரப்பி, மறுபடி நனைத்து, மறுபடி காயவிடுங்கள். இரண்டு முறையாவது செய்தால், பின்னால் புல்லின் அடியில் நடக்க வேண்டிய அமுக்கம் இப்போதே நடந்து முடிந்துவிடும். ரோலர் உருட்டி ஒரே நாளில் இந்த வேலையை முடிக்கலாம் என்று சொல்வார்கள். ரோலர் மேட்டைத் தேய்த்து மறைக்கும், பள்ளத்தை அப்படியே விடும், களிமண்ணை இறுக்கும். கடைசியில் ஒருமுறை, மண் பாதி காய்ந்த நிலையில், லேசான ரோலரை உருட்டினால் போதும்.

கடைசிச் சமன் செய்வதற்கு எட்டடி நீளமுள்ள நேரான மரப் பலகை ஒன்று வேண்டும். இரு முனையிலும் கயிறு கட்டி இருவர் இழுக்க வேண்டும், வயலில் பரம்படிப்பது போலவே, ஆனால் காய்ந்த மண்ணில். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை. ஒரே திசையில் இழுத்தால் அலை அலையாக மேடு விழும். முடிந்த பிறகு மேலே நடந்து பாருங்கள். கால்தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது, ஆனால் தடமே விழாத அளவுக்கு இறுகியிருக்கவும் கூடாது. மாலையில் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் தரையோடு குனிந்து பார்த்தால், பகலில் தப்பிய மேடு பள்ளமெல்லாம் நிழலாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. சித்திரையிலும் வைகாசியிலும் நிலத்தைச் சுத்தம் செய்து மட்டம் பார்த்து, ஆடியில் நட்டால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது புல்லுக்கும் பொருந்தும். புரட்டாசி கடந்துவிட்டதென்றால் தை வரை பொறுத்திருங்கள்; பெருமழை முடிந்த நிலத்தில் எங்கெல்லாம் தண்ணீர் நின்றது என்று பார்த்துத் திருத்தும் வாய்ப்பும் கிடைக்கும்.

எந்தப் புல் என்பது தனிக் கேள்வி. வெயில் முழுதாக விழும் இடத்துக்குக் கொரியன் புல்லோ அருகம்புல் வகைகளோ சரிவரும். மர நிழல் இருந்தால் பஃபலோ புல் தாங்கும். அடர்ந்த மரத்தடியில் எதுவும் சரியாக வராது, அங்கே மண்ணை உயர்த்தி மரத்தின் வேரை மூச்சு முட்ட வைக்கவும் வேண்டாம். கார்பெட்டாக வாங்கினால் துண்டுகளைத் திருப்பிப் பார்த்துக் கோரை இல்லாததை மட்டும் எடுங்கள். அவசரம் இல்லையென்றால் வேரோடு கூடிய சிறு கரணைகளை நான்கு அங்குல இடைவெளியில் நடுவதையே நான் சொல்வேன். மூடுவதற்குச் சில மாதம் பிடிக்கும், ஆனால் செலவு குறையும், வேற்று மண்ணும் உள்ளே வராது. இடையில் தெரியும் மண்ணில் களை எடுப்பதும் பள்ளம் திருத்துவதும் சுலபம்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தேவை. 1,000 சதுர அடிக்கு அது 400 லிட்டரைத் தாண்டும். கிணறு மே மாதத்தில் இதைத் தாங்காது என்று தோன்றினால் புல்லை 25 அடிக்கு 20 அடியாகக் குறைத்துக்கொண்டு, மிச்சத்தில் நந்தியாவட்டை, இட்லிப்பூ போன்ற புதர்ச்செடிகளை வையுங்கள். மட்டம் பார்க்கும் வேலையும் பாதியாகும்.

தோட்டக்காரரை மாற்ற வேண்டியதில்லை. கூலி பேசும் முறையை மாற்றினால் போதும். கல் பொறுக்குவதும் கோரை எடுப்பதும் ஒரு தொகை, அடிமட்டமும் மேல்மட்டமும் ஒரு தொகை, புல் நடுவது ஒரு தொகை என்று பிரித்துப் பேசுங்கள். இரண்டாவது தொகையைக் கொடுப்பதற்கு முன், வீட்டுச் சுவர் பக்கத்திலிருந்து தண்ணீரை ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். தேங்கி நிற்கும் இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் வட்டமிட்டுக் காட்டி, அவற்றைத் திருத்திய பிறகு பணத்தைக் கொடுத்துப் புல்லுக்குச் சொல்லி அனுப்புங்கள்.